ஒன்பதாம் வளைவில் காய்த்த கொடி

ஜன்னலோரம் எனக்குத் தருவீர்களா பெரியம்மா? வாந்தி எடுக்க இல்லை. நான் வாந்தி எடுக்கிற ஆளும் இல்லை. வெளியே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் காலியாக இருக்கிறது, பார்த்தேன். அது பள்ளத்துப் பக்கம். எனக்கு மேட்டுப் பக்கம்தான் வேண்டும். பூண்டு மூட்டை அங்கேயே இருக்கட்டும், நான் காலை அதன்மேல்... சரி, வைக்கவில்லை. மடக்கிக்கொள்கிறேன்.

பேசிக்கொண்டே வருவேன், ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன். மரியாதை தெரியாத பிள்ளை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை எடுத்தால் நாலு மரம் போய்விடும்.

"இன்னைக்கும் வந்துட்டியா? டவுன்ல எறங்குற, ஒரு டீயக் குடிக்கிற, இதே பஸ்ஸுல திரும்பி ஏறுற. டிரைவருக்காச்சும் வாரத்துல ஒரு நா லீவு உண்டு தாயி."

கேட்டீர்களா? தங்கமாயன் அண்ணன். இந்த பஸ்ஸுக்கு அவர்தான் கண்டக்டர். எனக்குப் பைத்தியம் என்று முடிவே செய்துவிட்டார், அதனால் கொஞ்சம் பாசமாகவும் இருக்கிறார். இன்றோடு பத்தொன்பது நாள். பொம்பளைகளுக்கு பஸ் இலவசம் என்று விட்டதுதான் தப்பு, ஊர்சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஊர்சுற்றவில்லை. ஒரு கொடியைத் தேடுகிறேன். பெண் கொடி. சிரிக்காதீர்கள், கொடியிலும் ஆண் பெண் உண்டு. சீந்தில் கொடி தெரியுமில்லையா, அந்தக் குடும்பம். ஆண் கொடி பூக்கும், காய்க்காது. பெண் கொடிதான் காய்க்கும். ஆண் ஒரு மரத்தில் ஏறியிருக்கும், பெண் எங்கேயோ வேறொரு மரத்தில். நான் தேடுகிற பெண் கொடி இந்த ரோட்டோரத்தில்தான் எங்கேயோ இருக்கிறது. பதினாலு வளைவில் ஏதோ ஒரு வளைவுக்குப் பக்கத்தில். இன்று பன்னிரண்டு மணிக்குள் அது எனக்குக் கிடைக்க வேண்டும்.

ஏன் பன்னிரண்டு மணி என்றால், அதை முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

என் பேர் யோகப்பிரியா. பதினேழு முடிந்துவிட்டது. ப்ளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, வீட்டில் கஷ்டம் அது இது என்று ஒன்றும் இல்லை, நானேதான் நின்றேன். பூவை வரைந்து பாகங்களைக் குறி என்று உயிரியல் பரீட்சையில் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்பது அடுக்குச் செம்பருத்தி. அதையே பறித்து ஆளுக்கொன்று கையில் கொடுத்தார்கள். நான் இதழை எண்ணினேன். இருபத்து மூன்று. இருபத்து மூன்றையும் வரைந்தேன். ஒரு இதழில் புழு தின்ற ஓட்டை இருந்தது, அதையும் வரைந்தேன். டீச்சர் முட்டை போட்டார்.

"புஸ்தகத்துல எத்தனை இதழ் போட்டிருக்கு?"

"அஞ்சு டீச்சர்."

"அப்புறம் இது என்ன, முட்டைக்கோஸா?"

"பூவுல இருபத்து மூணு இருக்கு டீச்சர். எண்ணிப் பாருங்க."

வகுப்பே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் கையிலிருந்த பூவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழகாக ஐந்து இதழ் போட்டாள், பத்துக்குப் பத்து வாங்கினாள். இல்லாததை இருக்கிறது என்று எழுதினால்தான் மார்க் என்றால் அந்தப் படிப்பே எனக்கு வேண்டாம் என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னிடம் ஆயிரம் குறை உண்டு பெரியம்மா. கோபம் வரும், வாய் நீளம், பாத்திரம் கழுவினால் பாதி அழுக்கு அப்படியே இருக்கும். பொய் மட்டும் எனக்கு வராது. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சரி. பதினாலாம் வளைவு போய்விட்டது, மேலிருந்து இறங்கினால் அதுதான் முதல். இதுவரைக்கும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம்தான், ஒன்றும் இருக்காது. இனிமேல்தான் சோலை.

போன வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் ஊர் கடமான்பாறைக்கு வினோதினி அக்கா வந்தார். காலேஜில் ஆராய்ச்சி. மரம் இல்லை, செடி இல்லை, கொடி மட்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கினார். எந்நேரமும் மேகம் படுத்துக் கிடக்கிற சோலைக்காட்டுக்குள் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றார். நானும் அம்மாவும் விறகுக்குப் போகாத சோலை இந்த மலையில் இல்லை. நான் வருகிறேன் என்று சொன்னேன்.

முதல் நாளே அந்த அக்கா கால் முழுக்க அட்டை.

"ஏன் யோகா, உன்ன ஒண்ணுகூடக் கடிக்கல?"

"நான் நடக்குறேன். நீங்க ஒவ்வொரு கொடிகிட்டயும் நின்னு நின்னு கும்புடுறீங்க. அட்ட ஏறாம என்ன செய்யும்?"

கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். எனக்குப் பிடித்துப்போனது.

ஜூன் கடைசியில் ஒரு நாள். மூட்டம் என்றால் அப்படி ஒரு மூட்டம், நீட்டிய கை தெரியவில்லை. பாதையில் மஞ்சள் பொடி மாதிரி என்னவோ கொட்டிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன், பொடி இல்லை, பூ. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. நிமிர்ந்து பார்த்தால் நாவல் மரத்தில் ஒரு கொடி உச்சிவரைக்கும் ஏறியிருக்கிறது. இலைக்குக் காம்பு ஓரத்தில் இல்லை, தாமரை இலை மாதிரி நடுவில் ஒட்டியிருக்கிறது. திருப்பினால் அடிப்பக்கம் சாம்பல் பூசின மாதிரி வெள்ளை. நுனியை வெட்டினேன். உள்ளே நல்ல மஞ்சள், சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி நடுவிலிருந்து கோடு கோடாக. கத்தி எல்லாம் மஞ்சள், கை எல்லாம் மஞ்சள்.

அக்காவிடம் கொடுத்தேன். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அப்படியே ஈர மண்ணில், அட்டைக்கு நடுவில், உட்கார்ந்துவிட்டார்.

"யோகா, இது என்னன்னு எனக்குத் தெரியல."

முகம் எல்லாம் சிரிப்பு. கண்ணில் தண்ணீர். எனக்குப் புரியவில்லை பெரியம்மா. இத்தனை வருஷம் படித்தவர், தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டாமா? லாட்டரி விழுந்த மாதிரி சிரிக்கிறார். நானாக இருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

கொஞ்சம் இருங்கள்... இல்லை, அது வேறு கொடி. காம்பு ஓரத்தில் இருக்கிறது.

அப்புறம் வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்தோம். ஒரு பூவை ஊசியால் பிரித்துப் பிரித்து, எத்தனை இதழ், எத்தனை மகரந்தக் கம்பி, எங்கே ரோமம், எங்கே ரோமம் இல்லை. முப்பது இலையை நீளம் அகலம் அளந்தோம். காய்ந்துவிட்டால் நிறம் போய்விடும், அதனால் பச்சையாக இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். நான் பார்த்துப் பார்த்துச் சொல்வேன், அக்கா எழுதுவார். "பார்த்ததை மட்டும் சொல்லு யோகா. நெனச்சதைச் சொல்லாத." அப்படி ஒரு ஆளை நான் அதுவரைக்கும் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் முட்டை வாங்கிக் கொடுத்த அதே வேலைக்கு இங்கே மரியாதை. ஒரு பூவில் ஆறு கம்பிக்குப் பதிலாக ஐந்துதான் இருந்தது. "ஒண்ணு கொறையுதுக்கா" என்றேன். "கொறையுதுன்னே எழுதுறேன்" என்றார். அன்றைக்கு ராஜா மாதிரி இருந்தது எனக்கு.

உலகத்தில் இருக்கிற எந்தப் புத்தகத்திலும் அந்தக் கொடி இல்லை என்று அக்காவின் புரொபசர் ஆகஸ்டில் சொல்லிவிட்டார். புதுசு. யாரும் பேர் வைக்காதது. ஆனால் ஒரு சிக்கல். அந்தக் குடும்பத்துக் கொடிகளுக்குப் பூவை வைத்துப் பேர் சொல்ல முடியாது, காய்க்குள் இருக்கிற கொட்டையை வைத்துத்தான் இன்னது என்று சொல்வார்கள். நாங்கள் கண்டது ஆண். பெண் வேண்டும், காய் வேண்டும், கொட்டை வேண்டும். கொட்டை இல்லாமல் எழுதாதே என்றார் புரொபசர். அக்காவுக்கு ஆராய்ச்சிக்குக் கொடுத்த காலம் இந்த மாதத்தோடு முடிகிறது.

தேடினோம். நாலு சோலை. ஒரு சோலையில் காட்டுமாடு விரட்டி அக்காவின் செருப்பு போனது. பதினோரு கொடி கண்டுபிடித்தோம். பதினொன்றும் ஆண். எந்த ஊரில் இப்படி நடக்கும், சொல்லுங்கள்.

இப்போது முக்கியமானது வருகிறது. நீங்கள் விறகுக்குப் போயிருக்கிறீர்களா? போயிருப்பீர்கள், கையைப் பார்த்தாலே தெரிகிறது. விறகைக் கட்ட என்ன செய்வீர்கள்? கயிறு யாரும் கொண்டுபோவது கிடையாது. பக்கத்தில் எந்தக் கொடி கைக்கு வருகிறதோ அதை ஒரு வெட்டு. அப்புறம் முஷ்டிக்குள் விட்டு ஒரே இழுப்பில் உருவுவீர்கள். இலை, பூ, காய், எல்லாம் காலடியில். என்ன உதிர்ந்தது என்று பார்ப்பீர்களா? நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, அடுத்தவளைத் திட்டிக்கொண்டே உருவுவோம். நான் ஆறு வயதில் இருந்து உருவுகிறேன். பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் பதினாலு. ரெண்டாம் வளைவுச் சோலையில் இருந்து திரும்புகிறோம். பஸ்ஸை விட்டுவிட்டோம், ரோட்டோடு மேலே நடக்க வேண்டும். செடியை வைத்து அழுத்துகிற மரச்சட்டம் ஒன்று உண்டு, ரெண்டு பலகை, நடுவில் பழைய பேப்பர் அடுக்கு, சுற்றி வார் போட்டு இறுக்கியிருக்கும். அது என் தோளில். போகும்போது அக்கா ஆரம்பித்தார்.

"நீ திரும்ப ஸ்கூலுக்குப் போகணும் யோகா. ப்ரைவேட்டாவாச்சும் எழுது."

"ஏன், நான் இப்ப என்ன கொறஞ்சுபோயிட்டேன்?"

"கொறஞ்சுபோகல. ஆனா உன் கண்ணு வீணாப்போகுது."

"உங்களுக்கு வேலை செய்யிறதுதான் வீணா?"

அவ்வளவுதான். அவர் விறுவிறு என்று முன்னால் போய்விட்டார். நான் பின்னால், மூட்டத்துக்குள், தனியாகப் பொருமிக்கொண்டு. அப்போது வார் அறுந்தது. சட்டம் கீழே விழுந்து பேப்பர் எல்லாம் ரோட்டில். எனக்கு இருந்த ஆத்திரத்தில் மேட்டில் ஏறினேன், ஒரு கொடியை வெட்டினேன், உருவினேன், கட்டினேன், நடந்தேன். மறுநாள் அக்கா பார்த்துவிட்டு, "இந்தக் கயிறு வாரைவிட நல்லா இருக்கே" என்றார். ஜனவரி வரைக்கும் அதுதான் கயிறு. அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் மலை முழுக்கப் பெண் கொடியைத் தேடினோம்.

ஆமாம். புரிந்துவிட்டது உங்களுக்கு.

பொங்கல் கழித்து என் ஸ்வெட்டரைத் துவைத்தேன். இடது தோளில் ஒரு மஞ்சள் கறை. சோப்புக்கும் போகவில்லை, பிரஷ்ஷுக்கும் போகவில்லை. "மஞ்சத்தூள் டப்பாவத் தோள்ல கவுத்துக்கிட்டியாடி?" என்று அம்மா கத்துகிறது. நான் கறையைப் பார்த்தேன். கறை என்னைப் பார்த்தது. துணியைப் போட்டுவிட்டு அக்கா அறைக்கு ஓடினேன். சட்டம் சுவரில் சாய்ந்திருந்தது. கயிற்றின் நுனியைச் சீவினேன். மஞ்சள். சைக்கிள் சக்கரம். கணுவில் காய்ந்து போன காம்பு அடி ஒன்று. முடிச்சை அவிழ்த்தேன், பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. முடிச்சுக்குள் நசுங்கி, சுருங்கி, ஒரே ஒரு காய். உரித்தால் உள்ளே கொட்டை, குதிரை லாடம் மாதிரி வளைந்து, முதுகில் வரிவரியாக.

அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன். அழுதுகொண்டே கேட்டார்.

"எங்க வெட்டுன யோகா?"

"ஒன்பதாம் வளைவுல."

வந்துவிட்டது பெரியம்மா. மூச்சு விடுகிற மாதிரி வந்துவிட்டது. ஒன்பது ஏன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. நான் வழி காட்டுகிறவள். எந்தச் சோலையில் எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த மரம் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். அவ்வளவு படித்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். அப்போது போய்...

அவர் கேட்ட விதமும் தப்பு. "ஞாபகம் இருக்கா யோகா?" என்று கேட்டிருக்க வேண்டும். "எங்க வெட்டுன?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஒரு இடத்தைத்தான் சொல்வார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இது பொய்யில் சேராது. பொய் என்றால் தெரிந்துகொண்டு மாற்றிச் சொல்வது. எனக்குத்தான் ஒன்றும் தெரியவே இல்லையே.

இதோ, பாருங்கள், பாருங்கள். ஒன்பதாம் வளைவு இதுதான். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என்ன இருக்கிறது? வாட்டில். இன்னொரு வாட்டில். ஒரு கருவேப்பிலைச் செடி இருந்தாலாவது பறித்துக்கொண்டு போகலாம். மூன்று நாள் நாங்கள் ரெண்டு பேரும் இந்த மேட்டில் முட்டி தேயத் தேடினோம். "வெட்டுனதுல பட்டுப்போயிருக்கும்" என்று அக்கா அவராகவே சொல்லிக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். தலையைத்தான் ஆட்டினேன், வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மரங்களில் சிவப்பு பெயின்ட் பார்த்தீர்களா? கீழே போகப் போக இன்னும் நிறைய வரும். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். பெயின்ட் அடித்தது எல்லாம் அடுத்த மாதம் விழும். ஒன்பதாம் வளைவில் மட்டும் பாருங்கள், பெயின்டை அழித்திருக்கிறார்கள். அக்கா எழுதிக் கேட்டு, நடையாய் நடந்து, அபூர்வமான கொடி இருக்கிற இடம் என்று காகிதம் காட்டி, நாற்பது மீட்டரை விட வைத்திருக்கிறார். வேர் பிழைத்திருந்தால் திரும்பத் துளிர்க்கும் என்று. நாற்பது மீட்டர் வாட்டில் மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் பெரியம்மா. நிஜமான கொடி எங்கே நிற்கிறதோ, அந்த மரத்தில் பெயின்ட் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் ரோடு முழுக்கத் தேடியிருக்கலாம். அதுவும் தெரியும். சொல்லிக் காட்டாதீர்கள்.

அப்புறம் அக்கா கிளம்பிப் போய்விட்டார். இந்த மாத ஆரம்பத்தில் வாட்ஸப்பில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். எழுதி முடித்துவிட்டாராம். ஒரே கொட்டைதான், ஆனாலும் இடமும் தேதியும் சரியாக இருப்பதால் புரொபசர் ஒத்துக்கொண்டாராம். இங்கிலீஷ். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'நைன்த்' என்று இருந்தது, அது தெரிந்தது. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் கொடிக்கு வைத்த பேர். ரெண்டு சொல். முதல் சொல் என்னவோ. ரெண்டாவது 'யோகப்பிரியே'.

என் பேர். கடைசியில் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள், அது அவர்களுடைய முறையாம். உலகத்தில் யார் எந்த நாட்டில் அந்தக் கொடியைப் பற்றிப் பேசினாலும் அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். நூறு வருஷம் கழித்தும். கீழே ஒரு வரி எழுதியிருந்தார், அதைத் தமிழில் போனில் சொன்னார்: இருப்பதை இருக்கிறபடியே பார்க்கிற யோகப்பிரியாவின் பேர்.

அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் ஏறினேன். பத்தொன்பது நாள். இறங்கும்போது மேட்டுப் பக்கம், ஏறும்போதும் மேட்டுப் பக்கம். நடந்தும் பார்த்தாயிற்று, நடந்தால் மரத்தின் அடிதான் தெரிகிறது, இலை எல்லாம் உச்சியில். பஸ் ஜன்னல் உயரத்தில் இருந்து பார்த்தால்தான் உச்சியும் கண்ணில் படுகிறது. கண்டுபிடித்துவிட்டால் போதும். "அக்கா, ஒன்பது இல்ல, ஆறு" என்று சொல்லிவிடலாம். இடம் கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதானே. யாருக்கும் ஞாபகப் பிசகு வரும். இடத்தோடு போய்ச் சொன்னால் அது திருத்தம். வெறும் கையோடு போய்ச் சொன்னால்...

இன்று பன்னிரண்டு மணிக்கு எழுதினதை அச்சுக்கு அனுப்புகிறார். நேற்று ராத்திரி மெசேஜ் போட்டார், "நாளைக்கு உன் பேரை ஊருக்கெல்லாம் அனுப்பி வைக்கிறேன்" என்று. ஒரு பூ பொம்மை வேறு போட்டிருந்தார். ஐந்து இதழ் பூ.

எட்டு போய்விட்டது. ஏழு. இது எல்லாம் நான் மனப்பாடமாகப் பார்த்த மரங்கள். ஒரு தடவை ஆறாம் வளைவில் இலை அடிப்பக்கம் வெள்ளையாகத் திரும்பியது என்று கத்தி பஸ்ஸை நிறுத்தினேன். பாலிதீன் பை. தங்கமாயன் அண்ணன், "இதுக்குப் பேரு வெச்சாச்சா தாயி?" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு.

அஞ்சு. பெயின்ட், பெயின்ட், பெயின்ட். மேகம் இறங்குகிறது பாருங்கள். இன்றைக்குப் பார்த்து.

வழுக்குப்பாறைக்கு மேலேதான் எங்கேயோ. அது மட்டும் நிச்சயம். வழுக்குப்பாறையைத் தாண்டும்போது வார் அறுந்திருக்கவில்லை, அங்கே நின்று தண்ணீர் குடித்தேன், அப்போது வார் இருந்தது. அது மூன்றாம் வளைவுக்கும் ரெண்டாம் வளைவுக்கும் நடுவில் வரும். அதற்கப்புறம் பார்க்க ஒன்றும் இல்லை.

நாலு.

ஊரை விட்டால் இந்த ரோட்டில் மூன்றாம் வளைவில்தான் சிக்னல் வரும். டவர் தெரிகிறதா, அங்கே. டவுனுக்குப் போனால் பஸ் ஸ்டாண்டில் சத்தம், ஒன்றும் கேட்காது. இங்கேதான் பேச வேண்டும். மணி என்ன? பதினொன்று நாற்பதா? உங்கள் கடிகாரம் முன்னால் ஓடுகிறதா, சரியாக இருக்கிறதா?

பெரியம்மா, ஒரு உதவி செய்யுங்கள். நான் பேசும்போது நீங்கள் இந்தப் பக்கமாகக் குனிந்து வெளியே பார்த்துக்கொள்ளுங்கள். காம்பு இலைக்கு நடுவில் இருக்கும், அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை. பார்த்தால் என் தொடையில் ஒரு தட்டு தட்டுங்கள். நான் போனிலேயே இடத்தைச் சொல்லிவிடுவேன்.

ரிங் போகிறது.

"அக்கா? ஆமாக்கா, நான்தான். பஸ்ஸுலக்கா... இல்ல, சும்மாதான். அனுப்பிட்டீங்களா? ... இன்னும் இல்லையா. சரி. ... ஆங், சாப்ட்டேன். ... அக்கா, ஒரு நிமிசம். அந்த ஒன்பதாம் வளைவு இருக்குல்ல... அது இல்லக்கா. ... இல்ல, ஆறும் இல்ல, எட்டும் இல்ல. ... எனக்குத் தெரியாதுக்கா. ... எங்க வெட்டுனேன்னு எனக்குத் தெரியாது. அன்னைக்குக் கேட்டப்பயே தெரியாது. ... கேக்குதா? அக்கா? ... கேக்குதா?"

இல்லை, கட் ஆகவில்லை. லைனில்தான் இருக்கிறார். மூச்சு கேட்கிறது. நீங்கள் என்னைப் பார்க்காதீர்கள், வெளியே பாருங்கள்.

"... ஆமாக்கா. ... வழுக்குப்பாறைக்கு மேல, அது மட்டும் உறுதி. மத்தது தெரியாது. ... பேரை எடுத்துருங்க. ... எடுக்கணும்னா எடுத்துருங்கன்னு சொன்னேன். ... நாப்பது மீட்டர் என்னாகும்க்கா? ... ம். ... ம். ... சரிக்கா. ... வெச்சிட்டீங்களா?"

வைத்துவிட்டார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். "அந்தத் தேதியில நீ நடந்தது எங்கருந்து எங்க வரைக்கும்?" என்று மட்டும் கேட்டார், எழுதிக்கொள்கிற மாதிரி. அப்புறம் "சரி" என்றார். அனுப்புவாரா, இல்லை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். குரலில் சிரிப்பு இல்லை. அன்றைக்கு மண்ணில் உட்கார்ந்து சொன்னாரே தெரியல என்று, அந்தச் சிரிப்பு எங்கே போனதோ.

நாற்பது மீட்டரையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமாம். பெயின்டைத் திரும்ப அடிப்பார்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை பெரியம்மா. மூக்கு ஒழுகுகிறது, குளிர். முந்தானையை நீட்டாதீர்கள், ஸ்வெட்டர் இருக்கிறது. இந்தத் தோளில் துடைத்துக்கொள்கிறேன், ஏற்கெனவே கறைதான்.

இந்தாருங்கள், ஜன்னலுக்கு நீங்களே வாருங்கள். உங்கள் இடம்தானே. இவ்வளவு நேரம் உங்களைக் குலுங்க வைத்துக் கூட்டிவந்துவிட்டேன். வெளியே பார்க்க எனக்கு இனிமேல் ஒன்றும் இல்லை, எழுந்திருக்கிறேன், நீங்கள் இந்தப் பக்கம்...

இல்லை, இருங்கள். கொஞ்சம் இருங்கள். அந்த வழுக்குப்பாறை தாண்டட்டும்.